நட்ட மரத்திலேயே சிற்பம்: நம் பக்கம் நடக்குமா?

2023 ஜூன் 18, காலை. தருமபுரியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"இத்தாலியில் மரங்களை நட்டே ஒரு தேவாலயம் எழுப்பியிருக்கும் படத்தைப் பார்த்தேன். தூணும் வளைவும் உயிருள்ள மரம். மேகாலயாவில் வேரிலேயே பாலம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் காட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நம்மவர்களுக்கு மரத்தை வெட்டத் தெரியும், விறகாக்கத் தெரியும். வளைத்து வளர்க்கும் கை கிடையாது என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

2023 ஜூன் 18, இரவு

மறுக்கிறேன். கை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். மாங்கூழ் ஆலையில் கழித்த கொட்டைகளைப் பாத்தியில் பரப்பியிருப்பார்கள். முளைத்துப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது; செம்பு நிறத்தில் தலை நீட்டும் அந்தப் பிள்ளைச் செடியின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு போலச் செதுக்கிய தாய்மரக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவைச் சுற்றி முடிச்சிட்டுவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசியபடியே கத்தி ஓடும்.

மரச்சிற்பத்தின் உள்வேலையும் இதுதான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக, வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மரம் பருப்பது அங்கேதான். இரண்டு தண்டுகளின் படலங்கள் ஒன்றையொன்று தொட்டு, அசையாமல் இருந்தால் இரண்டும் கூடிவிடும். காட்டில் காற்றில் உரசி உரசிப் பட்டை தேய்ந்து தானாகவே கூடிய கிளைகள் உண்டு. அதைக் கையால், வேண்டிய இடத்தில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் மேடையில் அரசும் வேம்பும் கூடி ஒரே மரமாகவே ஆகிவிட்டிருக்கின்றன. எந்த இத்தாலிக்காரன் வந்து கற்றுக்கொடுத்தான்?

2023 ஜூன் 20

இத்தாலி விவரம் கேட்டிருக்கிறார்கள். ஜூலியானோ மவுரி என்ற கலைஞர் 2001ல் வடக்கே திரெந்தினோ பகுதியில், ஆர்ட்டே செல்லா என்ற இடத்தில் செய்தது. கிளைகளைக் கூடை முடைவது போல முடைந்து 12 மீட்டர் உயரத்தில் 80 தூண்கள். ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு கன்று. கன்று வளர வளர வெளிக்கூடை மட்கி உதிர்ந்துவிட வேண்டும். கடைசியில் மரம் மட்டும் நிற்க வேண்டும். சாரம் தானாகவே கழன்றுகொள்ளும் கட்டடம். மவுரி 2009ல் இறந்துவிட்டார்.

ஆக, நீங்கள் பார்த்தது தொடக்க காலப் படமானால், அதில் தூணாகத் தெரிந்ததில் பெரும்பகுதி செத்த குச்சி. உள்ளே இருந்த கன்றுதான் சிற்பம்.

2023 ஜூன் 25

"இதெல்லாம் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் வேலை" என்று எழுதியவருக்கு: ஆக்செல் எர்லாண்ட்சன் கலிஃபோர்னியாவில் அவரை பயிரிட்ட விவசாயி. வேலியோரத்தில் இரண்டு மரங்கள் தாமாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்குப் பித்துப் பிடித்தது. ஆறு சைகமோர் கன்றுகளை வட்டமாக நட்டு, வளைத்து, சாய்சதுர ஓட்டைகளாக ஒட்டவைத்து ஒரு கூடை மரம் வளர்த்தார். சாலையோரம் நிலம் வாங்கி, 1947ல் டிக்கெட் போட்டுக் காட்டினார். எப்படிச் செய்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், மரங்களோடு பேசுவேன் என்பாராம். தொழில் ரகசியத்தை மறைக்க இதைவிட நல்ல பதில் இல்லை. 1963ல் இடத்தை விற்றார், மறுவருடம் இறந்தார். அதன்பின் பல மரங்கள் தண்ணீரின்றிப் பட்டுப்போயின. பிழைத்தவற்றை 1985ல் வேரோடு பெயர்த்து கில்ராய் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கூடை மரம் இன்று அங்கே ஒரு பூங்காவில் நிற்கிறது.

2023 ஜூலை 9

வாய் பேசிவிட்டது, கை சும்மா இருக்கலாமா? கிணற்று மேட்டில் சும்மா கிடந்த இடத்தில் பத்தடிக் குறுக்களவில் வட்டம் கீறி, பன்னிரண்டு இச்சிக் கன்றுகள் நட்டிருக்கிறேன். இரண்டடிக் கன்றுகள். மூன்றடி உயரத்தில் அடுத்தடுத்த தண்டுகளைக் குறுக்கே சாய்த்துக் கட்டி, சுற்றிலும் சன்னல் சன்னலாக வரவேண்டும் என்பது கணக்கு. ஏன் இச்சி? ஆல், அரசு, அத்தி, இச்சி இந்தக் குடும்பமே தன்னோடு தான் ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரக் குடும்பம். ஆலமரத்து விழுதுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே தூணாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அம்மா வந்து பார்த்தார். "மா நட்டால் காய்க்கும். இது என்ன காய்க்கும்?" என்றார். சன்னல் காய்க்கும் என்றேன். பேசாமல் போய்விட்டார்.

2023 ஜூலை 30

ஜூன் 18ல் அரசு, வேம்பு பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒட்டுக்கட்டும் பெரியவர் ஒருவரை மேடைக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, இரண்டு மரமும் கூடிய இடத்தில் இருந்த கறுத்த கோட்டில் நுழைத்தார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது அதன் பல்லில் எறும்பு மண்ணும் பழைய மஞ்சள் கயிற்று நாரும் வந்தன.

"தம்பி, இது ஒட்டு இல்லை. இறுக்கம்" என்றார்.

அரசு வேறு குடும்பம், வேம்பு வேறு குடும்பம். பக்கத்தில் பக்கத்தில் நட்டுக் கல்யாணம் செய்துவைத்தாலும் கட்டையும் கட்டையும் கூடாது. ஒன்றையொன்று சுற்றி, அழுத்தி, விழுங்குவது போல வளரும். ஆனால் ஒன்றின் சாறு மற்றதற்குள் போகாது. ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. மாவில் மா பிடிக்கும், இச்சியில் இச்சி பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதும் ஒரு சாவியும் தேவைப்பட்டன.

2023 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகவில்லை. பன்னிரண்டு கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். பெருக்கு வந்தது என் முதுகில்தான்.

2023 நவம்பர் 12

ஐந்து போயிற்று. பங்காளி வீட்டு வெள்ளாடுகள். இரண்டு கன்றுகளை மேய்ந்தன. மூன்றின் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டன. அவரிடம் கேட்டதற்கு, "வேலி இல்லாத இடத்தில் தழை இருந்தால் ஆடு என்ன செய்யும் அண்ணா?" என்றார். நியாயம்தான். கோபத்துக்கு இடமில்லாத பதில் போலக் கோபம் வரவழைப்பது வேறில்லை.

கிளுவைப் போத்துகளை வெட்டிக்கொண்டுவந்து சுற்றி நெருக்கமாக ஊன்றினேன். ஊன்றும்போதுதான் உறைத்தது: கேள்வி கேட்டவரே, நம் பக்கத்தின் உயிர்ச்சிற்பம் இதுதானே? குச்சியாக நட்டு, வேர்விட்டு, முள்ளோடு முள் பின்னிச் சுவராகும் உயிர்வேலி. எத்தனை மைலுக்கு இருந்தது! கம்பிவேலி வந்தபின் பிடுங்கி எரித்தோம். யாரும் இதைக் கலை என்று சொல்லவில்லை. ஆடு உள்ளே வராததுதான் அதற்குக் கிடைத்த கைதட்டல்.

பட்ட இடத்தில் மூன்று புதுக் கன்றுகள். மொத்தம் பத்து.

2024 பிப்ரவரி 4

ஒருவர் கேட்டது: "மூன்றடியில் ஒட்டினால், மரம் வளர்ந்தபின் சன்னல் பத்தடிக்கு மேலே போய்விடாதா?" போகாது. மரம் நீள்வது நுனியில் மட்டும். தண்டில் நான்கடி உயரத்தில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் நான்கடியிலேயே இருக்கும். மரம் அதை விழுங்கியிருக்கும், அவ்வளவுதான். சிறுவயதில் பெயர் செதுக்கிய மரத்தை நரைத்த தலையோடு போய்ப் பாருங்கள், பெயர் அதே உயரத்தில் அகலமாகியிருக்கும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. உயரம் மாறாது, தண்டு பருக்கும். அதாவது சன்னல் வருடா வருடம் சிறுக்கும். முகம் நுழையும் ஓட்டை பேரனின் கை மட்டும் நுழையும் ஓட்டையாகும். முதலிலேயே தாராளமாக விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை.

இன்னொன்று: வளைத்த தண்டின் முதுகில் எங்கு மேடாக இருக்கிறதோ அங்கிருந்து புதுக் கிளை நேராக வானத்துக்குப் பாயும். வாரம் ஒருமுறை கிள்ள வேண்டியிருக்கிறது. மரத்துக்கு நம் வரைபடம் தெரியாது.

2024 பிப்ரவரி 6

"மரத்தை இப்படி வதைக்கலாமா?" என்று கேட்டிருப்பவர் கிருஷ்ணகிரிக்காரர் என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் மாவட்டமே மாங்கன்றின் கழுத்தைச் சீவிய காசில்தான் சாப்பிடுகிறது ஐயா. ஆனால் சிரித்தபின் யோசித்தேன். எனக்கே அந்தக் கேள்வி உண்டு. மாவைச் சீவுவதற்குப் பழம் என்று ஒரு பதில் இருக்கிறது. என் இச்சிக்கு என்ன பதில்? இன்று இல்லை.

2024 மே 5

வெயில். இரண்டு கன்றுகள் கருகின. கிணறு அடி தெரிகிறது. மாவே பிஞ்சிலேயே கொட்டும்போது இச்சிக்குத் தண்ணீர் கேட்க நாக்கு எழவில்லை. முகம் கழுவும் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் என்று ஓட்டுகிறேன். எட்டு.

மேகாலயாவோடு ஒப்பிட்டவருக்கு இந்த வெயிலில் பதில் எழுதுகிறேன். அங்கே காசி என்ற பழங்குடி மக்கள் பாலம் வளர்ப்பது நாம் தொட்டியில் வைக்கும் ரப்பர் செடியில்தான். ஓசூர் நர்சரிகளில் கிடைக்கிறதே, பெரிய பளபள இலை, சீமை ஆல் என்பார்கள், அதே சாதி. ஓடையின் ஒரு கரையில் நட்டு, அதன் விழுதை, இரண்டாகப் பிளந்து நடுச்சோறு எடுத்த பாக்குமரத் தண்டுக்குள் நீட்டி மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். மறுகரையில் வேர் மண்ணைப் பிடித்துப் பருத்து, ஆள் நடக்கத் தாங்குவதற்குப் பதினைந்து முதல் முப்பது வருடம். நோங்ரியாட் ஊரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்குப் பாலம் இருக்கிறது. 2022ல் இந்தப் பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்த மலைகளில் சிரபுஞ்சிக்குக் கிடைப்பது வருடத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல். நமக்கு 850 வந்தால் நல்ல வருடம். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில்தான் விழுது தொங்கியபடி உயிரோடிருக்கும். இங்கே விழுது வளர்ப்பது என்பது கனவு.

2024 ஆகஸ்ட் 18

முதல் கட்டு. நல்ல ஈரக்காற்று, பெரியவர் கூடவே இருந்தார். இரண்டு தண்டும் தொடும் இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்குப் பட்டையைச் சீவினார். நான் துடைப்பதற்குள் பால் பொங்கி விரலெல்லாம் பிசின். ஈரத்துணியால் ஒற்றி, சீவிய முகத்தைச் சீவிய முகத்தோடு வைத்து, நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். "மழைத்தண்ணீர் வழிந்து ஓடணும், உள்ளே இறங்கக் கூடாது. ஓட்டுக் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று ஏறணும்" என்றார்.

இரண்டு கட்டு முடிந்ததும் நாடா தீர்ந்தது. அவர் போய்விட்டார். மூன்றாவதை நான் கட்டுக்கம்பியால் கட்டினேன். செய்யக்கூடாது என்று தெரிந்தேதான் செய்தேன். மறுவாரம் மாற்றிவிடலாம் என்று.

2024 டிசம்பர் 6

ஊத்தங்கரைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள், வாகனங்கள் மிதந்ததை. ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏழு மாதத்துக்கு முன் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிய அதே கன்றுகளின் காலைச் சுற்றி எங்கள் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஒரு கன்று வேரோடு போயிற்று, கிளுவை வேலியில் ஒரு பக்கம் சாய்ந்தது. ஏழு.

கம்பியை மாற்றவே இல்லை. மறுவாரம் என்பது நான்கு மாதமாயிற்று. இப்போது கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை, பட்டைக்குள் போய்விட்டது. அதற்கு மேலே தண்டு குரங்கு கன்னம் போல வீங்கியிருக்கிறது. இலையில் தயாரான சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும்; அந்த வழியை அடைத்தால் மேலே வீங்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். இது செத்துவிடும். எழுதிவைக்கிறேன், என் சோம்பலுக்குச் சாட்சியாக.

இத்தாலியிலும் 2018 அக்டோபரில் ஒரு பெரும்புயல் அந்த ஆர்ட்டே செல்லா பூங்காவைக் கிழித்துப் போட்டது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சரி, ஆறுதலுக்குத்தான்.

2025 மார்ச் 9

இரண்டு செய்திகள்.

முதலாவது: நாடாவைப் பிரித்தேன். உள்ளே வெளிறிய பச்சை, வேர்த்த உள்ளங்கை போல ஈரம். சீவிய விளிம்பெங்கும் பட்டை உதடு மடித்து நடுக்கோட்டில் கூடியிருக்கிறது. நகத்தை வைத்து அழுத்தினேன், பால் துளிர்த்தது, நகம் இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாவி எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இரண்டாவது கட்டும் அப்படியே. இரண்டு சன்னல்.

அடுத்தது: டிசம்பர் 6ல் செத்துவிடும் என்று எழுதிய கம்பிக் கட்டு சாகவில்லை. வீங்கிய கன்னத்திலிருந்து மீசை போல ஏழெட்டு வெளிர் சிவப்பு விழுதுகள் தொங்குகின்றன! மழையும் பனியும் ஈரம் கொடுக்க, கீழே போக வழியில்லாத சத்து அங்கேயே வேராகிவிட்டது. பெரியவர் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "விண்பதியம் போட்டுவிட்டுச் செத்துப்போயிற்று என்று எழுதினாயா?" நர்சரியில் மாதுளைக்கும் கொய்யாவுக்கும் வேண்டுமென்றே பட்டையை வளையமாக உரித்து, பாசி வைத்துக் கட்டுகிறார்கள். நான் கம்பியால், மறதியால் செய்திருக்கிறேன்.

ஆக, மே 5ல் இங்கே விழுது வளர்ப்பது கனவு என்று எழுதியதிலும் பாதியை அடித்துவிடுங்கள்.

2025 மார்ச் 11

மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுவைக் குடைந்து, தேங்காய்நார்க் கழிவும் மண்ணும் நிரப்பி, நீளமான இரண்டு விழுதுகளை உள்ளே விட்டு மூடிக் கட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் ஒரு டம்ளர் தண்ணீர். காசிக்காரர்களுக்குப் பாக்குமரம், எனக்கு மூங்கில். வானம் கொடுக்காத ஈரத்தை டம்ளர் கொடுக்கட்டும். தரைக்கு இன்னும் இரண்டடி இருக்கிறது.

2025 ஜூன் 22

முதல் கேள்விக்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து, "அதெல்லாம் சரி, கிணற்றுமேட்டு வேலை. நான் கேட்டது காட்டில்" என்கிறார். விடமாட்டார் போலிருக்கிறது.

காட்டில் என்றால்: காப்புக்காட்டுக்குள் நீங்களும் நானும் கத்தியோடு நுழைந்தால் வேறு வகையில் செய்தியாவோம். வனத்துறையே முன்வந்து செய்வதாக வைத்துக்கொண்டாலும், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் யானை இருக்கிறது. ஆல், அத்தி, இச்சி எல்லாம் அதற்கு விருந்துச் சாப்பாடு. தழையோடு நிற்காது, பட்டையையும் உரித்துத் தின்னும். பதினைந்து வருடம் வளர்த்த வளைவை ஒரு இரவில் முடித்துவிட்டு ராகி வயலுக்குப் போகும். வெள்ளாட்டுக்குக் கிளுவை வைத்தேன், யானைக்கு எதை வைப்பேன்?

வேல்ஸில் டேவிட் நாஷ் என்பவர் 1977ல் 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டார். வேலி மரங்களை வெட்டுக்கொடுத்துச் சாய்க்கும் அந்த ஊர் விவசாய முறையிலேயே தண்டுகளைச் சாய்த்து, பல பத்தாண்டுகளில் கவிந்த ஒரு மாடமாக வளர்த்தார். இடம் எங்கே என்பதைக் கூட வெளியே சொல்லவில்லை. கடைசியில் ஆஷ் மரங்களைக் காயவைத்துச் சாகடிக்கும் ஒரு பூஞ்சை நோய் அதற்கும் வந்தது. அவர் மருந்து தெளிக்கவில்லை. 2019ல் பட்டுப்போகும் வட்டத்துக்கு வெளியே ஓக் கன்றுகளை நட்டார்.

நெதர்லாந்தின் அல்மேரில் மரினுஸ் போசெம் 1987ல் 178 பாப்லர் மரங்களை பிரான்சின் ரெய்ம்ஸ் தேவாலயத்தின் தரைவரைபடப்படி நட்டார். பாப்லருக்கு ஆயுசு குறைவு என்பது அவருக்குத் தெரியும். அருகிலேயே ஒரு தோப்புக்குள் அதே வடிவத்தில் வெற்றிடமும் விட்டுவைத்தார். இங்கே மரம் விழுந்தாலும் அங்கே மரமில்லாத இடமே தேவாலயமாக நிற்கும்.

நான் 'கை இருக்கிறது' என்று இரண்டு வருடமாகச் சண்டை போட்டேன். கை இருக்கிறதுதான். ஆனால் பெரியவருக்கு எழுபத்தொன்று, எனக்கு நாற்பத்தெட்டு. என் மகன் பெங்களூரில் இருக்கிறான், போனில் "இன்னும் அந்தக் குச்சிகளா அப்பா?" என்கிறான். வேலிக்கு ஆள் இருக்கிறார், ஒட்டுக்கு ஆள் இருக்கிறார், டம்ளரைப் பிடிக்க அடுத்த ஆள் யார் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நானும் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

2025 ஜூன் 23

ஆஷ் மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒரே நாளில் நான்கு பேர். இங்கே வளராத மரத்துக்குப் பெயர் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஒட்டு பற்றிக் கேளுங்கள்.

2025 அக்டோபர் 12

படம் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூங்கிலைப் பிரித்தால்தான் விழுது தெரியும். தரையில் பிடித்ததா என்று எனக்கே தெரியாது. போன வாரம் அடியில் விரல் விட்டுப் பார்த்தேன், வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. வேராக இருக்கலாம், நார்க்கழிவில் வந்த பூஞ்சணமாகவும் இருக்கலாம். தை பிறக்கும்வரை பிரிப்பதில்லை.

முதல் சன்னலைப் படமெடுக்கலாம் என்று போனேன். அதன் மேல்வளைவில் அம்மா துண்டு காயப்போட்டிருந்தார். எடுக்கச் சொன்னேன். "காயட்டும், அப்புறம் எடு" என்றார்.